ரத்தம் திரும்பி வரும் வரை

ஊசி உள்ளே இறங்குகிற நேரம் பார்த்து நர்ஸ் ஷகிலா கேட்டாள். வேண்டுமென்றே அந்த நேரத்தில் கேட்டாளா, வாய்க்கு வந்தபோது கேட்டாளா, தெரியவில்லை. "யக்கா, வாற வெள்ளிக்கிழமை ஒங்க முறைய வடிவுக்கு விட்டுக் குடுக்கியளா? இந்த ஒரு தடவதான். டாக்டரும் ஒங்கட்ட கேட்டுப் பாக்கச் சொன்னாவ." நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். டயாலிசிஸ் ஊசி காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி மாதிரி இருக்காது, சாக்கு தைக்கிற ஊசி மாதிரி இருக்கும், ரத்தத்தை வெளியே எடுக்க ஒன்று, திருப்பி உள்ளே விட இன்னொன்று. இரண்டாவதையும் குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, மெஷினில் எதையோ அழுத்திவிட்டு, "இப்பவே சொல்லணும்னு இல்லக்கா, மெஷின் நிக்கதுக்குள்ள சொன்னாப் போதும், அவ வெளியதான் உக்காந்துருக்கா" என்று சொல்லிவிட்டு ஷகிலா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் குழம்புக்குக் கொஞ்சம் புளி கேட்கிற மாதிரிக் குரல். திங்கள், புதன், வெள்ளி, இந்த மூன்று நாளும் இந்தக் கட்டிலில் படுத்தால்தான் நான் இருக்கிறேன். என் கிட்னி இரண்டும் செத்துப்போய் இது மூன்றாவது வருஷம். மூத்திரம் என்று ஒன்று கிடையாது. குடிக்கிற ஒவ்வொரு வாய் தண்ணீரும் உடம்பிலேயே நிற்கும், காலில் ஏறும், முகத்தில் ஏறும், பிறகு நெஞ்சுக்குள் போய் நுரையீரலில் கட்டிக்கொள்ளும், படுத்தால் மூச்சு வராது. அதை இந்த மெஷின் உறிஞ்சி எடுக்கிறது. இன்றைக்குப் புதன். வெள்ளியை விட்டுக்கொடுத்தால் அடுத்தது திங்கள்தான். நடுவில் சனி, ஞாயிறு. ஷகிலாவுக்கு இது தெரியாதா. என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

உள்ளே வரும்போதே பார்த்தேன், வராந்தா பெஞ்சில் வடிவு இருந்தாள். முழுப் பெயர் சுடலைவடிவு, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். அவளும் உப்பளத்து ஆள்தான், வடக்கு அளம். அவளுக்கு இங்கே முறை கிடையாது, ஐந்து மெஷின்தான், ஐந்துக்கும் ஆள் இருக்கிறது. யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் அவளைப் படுக்கவைப்பார்கள். அதற்காகக் காலையிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். யாரும் வராமல் போகாவிட்டால் பஸ் ஏறி அடுத்த ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போவாள், அங்கேயும் உட்காருவாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "வாங்கக்கா. ராத்திரி தூங்குனியளா? மூச்சு முட்டுச்சா?" என்றாள். அன்பாகத்தான் கேட்டாள். அந்த அன்பு எனக்குத் தெரியும், அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது கண் முகத்தில் நிற்காது, கீழே இறங்கும், சேலைக் கரைக்குக் கீழே கணுக்காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கும். வடிவும் பார்த்தாள். நான் சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "நல்லா இருக்கேன் தாயி" என்று சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். முகம் ஊதி, கண் சிறுத்து, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு, தலையில் பூ. இவளுக்கு எதுக்குப் பூ என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. என் குரல்தான் அது. வேறு யாருடைய குரல் என்று சொல்ல.

குழாயில் ரத்தம் போவதைப் பார்க்க வேண்டாம், தலை சுற்றும் என்று முதல்நாள் சொன்னார்கள். நான் பார்ப்பேன். என் கையிலிருந்து கிளம்பி, ஒரு வளைவு, மெஷின் உருட்டுகிற உருளை, பிறகு வெள்ளைக் குழல் மாதிரி ஒரு வடிகட்டி, அதற்குள் போய் அலசிவிட்டு மறுபடி என்னிடமே வருகிறது. வெளியே போகும்போது இருக்கிற சூடு திரும்பி வரும்போது இல்லை. அதனால்தான் இந்த அறையில் எல்லோரும் போர்வை போர்த்திக் கிடக்கிறோம். இத்தனை வருஷம் வெயிலில் நின்ற உடம்புக்கு இப்போது குளிர். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் வராது. பாத்தித் தண்ணீரிலிருந்து வரும், உப்புக் குவியலின் வெள்ளையிலிருந்து வரும், கண்ணுக்குள்ளே சுண்ணாம்பு பூசினது மாதிரி வரும். ஒரு பங்குனி மாதம் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வேனில் வந்தார்கள். முக்காலி மேல் ஒரு கறுப்பு உருண்டையை வைத்தார்கள், அது வெயிலை அளக்குமாம். நாங்கள் சிரித்தோம். அளக்க என்ன இருக்கிறது, இங்கே வந்து நின்றாலே தெரியுமே என்று ஒருத்தி சொன்னாள். அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை நல்ல பிள்ளை, சும்மா சொல்லக்கூடாது, எங்களோடு பாத்தி வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டது. எங்கள் காதுக்குள் எதையோ வைத்துப் பார்த்தது, வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எடை போட்டது, ரத்தம் எடுத்தது, சின்ன டப்பா கொடுத்து மூத்திரம் கேட்டது. டப்பாவை வாங்கிக்கொண்டு நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் பாத்தி, தட்டையான தரை, ஒரு மரம் கிடையாது, ஒரு செடி கிடையாது, எங்கே போய் உட்கார. அந்தப் பிள்ளை அப்போதுதான் கேட்டது, "அப்ப நாள் பூரா நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" தண்ணி குடிக்க மாட்டோம் என்று சொன்னோம். அது எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டது.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை, அது கண்டுபிடித்ததும் பொய் இல்லை. வெயிலில் உடம்பு கொதிக்கிறது, தண்ணீர் உள்ளே போகவில்லை, கிட்னி கருகுகிறது, இதுதான் விஷயம், வேனில் வந்தவர்கள் இதை மேலே சொன்னார்கள், மேலே இருப்பவர்களும் கேட்டுக்கொண்டார்கள். கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. உத்தரவு வந்தது. பதினோரு மணிக்கு மேல் வெயிலில் யாரையும் வேலை வாங்கக்கூடாது. நிழலுக்கு ஒரு கொட்டகை. குடிக்கத் தண்ணீர். பெண்களுக்குக் கக்கூஸ். எல்லாம் வந்தது. பதினோரு மணிக்கு மேல் வேலை இல்லை, ஆனால் சுமக்கிற கூடைக் கணக்கு அதேதான், அதனால் பதினோரு மணிக்குள் அத்தனையும் சுமக்க நாங்கள் ஓடினோம். அதுவரை நடந்து சுமந்தோம், உத்தரவு வந்த பிறகு ஓடிச் சுமந்தோம். கொட்டகையில் மழைக்கு நனையக்கூடாது என்று உப்பு மூட்டை அடுக்கினார்கள். கக்கூஸைப் பூட்டி வைத்தார்கள், திறந்து கிடந்தால் லாரிக்காரர்கள் அசிங்கம் பண்ணுகிறார்களாம், சாவி கணக்கப்பிள்ளை இடுப்பில். ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் முன்னால் போய் நின்று சாவி கேட்க வேண்டும். அவர் சாவியை உடனே தர மாட்டார், "இப்பதானே போன?" என்பார், பக்கத்தில் நிற்கிற ஆண்கள் சிரிப்பார்கள். நாங்கள் மறுபடியும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம். ஒரு கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருத்தர் மைக்கில் பேசினார், இந்தத் திட்டத்தால் உப்பளத் தொழிலாளர் நலம் மேம்பட்டிருக்கிறது என்று. நான் கை தட்டினேன். முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள், தட்டாமல் இருக்க முடியுமா. அப்போதே எனக்குக் காலில் வீக்கம். சாயங்காலம் இடுப்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவேன், சிவப்பு மாத்திரை, போட்டால் வலி ஓடிப்போகும், காலையில் மறுபடி கூடை தூக்கலாம். அந்த மாத்திரையும் கிட்னியைத் தின்னும் என்று பின்னால் சொன்னார்கள். தின்றது வெயிலா, மாத்திரையா, குடிக்காத தண்ணீரா, எவருக்கும் தெரியாது. என் அட்டையில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் என்று போட்டிருக்கிறது. வடிவின் அட்டையிலும் அதுதான். ஒரே காரணம் அறியப்படாமல் இரண்டு பேரும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம், அவள் வெளியே, நான் உள்ளே.

இந்தக் கட்டில் சூசைமிக்கேல் அண்ணாச்சியின் கட்டில். லாரி ஓட்டினவர், வாட்டசாட்டமான ஆள், படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் பெஞ்சில் காத்துக்கிடந்த காலத்தில் அவர் கதவைத் தாண்டும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். "அண்ணாச்சி, சாப்ட்டியளா? மூச்சு எப்படி இருக்கு?" அவர் சிரிப்பார். "இன்னைக்கும் சாவல பாத்துக்கோ" என்பார். அவருக்குத் தெரியும். தெரிந்தும் என்மேல் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் எனக்கு ரொம்ப முடியாமல் போய், பெஞ்சிலேயே சாய்ந்து, வாயில் நுரை வந்தபோது, ஷகிலா உள்ளே போய் ஐந்து பேரிடமும் கேட்டாள். நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து, "ஒரு நாள்தானேம்மா, கூப்புட்டு அந்தப் பிள்ளையப் படுக்கப் போடு" என்றாராம். அது ஒரு வெள்ளிக்கிழமை, அவர் முறை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டு ஞானஸ்நான விருந்து, போனார், சாப்பிட்டார், ரெண்டு டம்ளர் மோர் குடித்தார் என்று சொன்னார்கள். திங்கள் விடியவில்லை. டாக்டரிடம் நான் கேட்டேன், எனக்கு விட்டுக்கொடுத்ததால்தானா டாக்டர் என்று. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. அவருக்கு இதயமும் பலவீனம்" என்றார். அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அடக்கத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்கு எனக்கு டயாலிசிஸ் இருந்தது, அவர் இடத்தில். கல்லறையில் அவரை இறக்குகிற நேரம் இங்கே போர்வைக்குள் எனக்குக் கதகதப்பாக இருந்தது, ரத்தம் சுத்தமாகி ஏற ஏற நாக்கில் ருசி திரும்பி வந்தது, வீட்டுக்குப் போனதும் ரசம் சாதம் சாப்பிட வேண்டும் என்று நினைத்தேன். நல்ல மனிதர் செத்த நாளில் பசித்தது.

ஷகிலா அதைச் சொல்லவில்லை. நீங்க கிடந்தப்ப ஒருத்தர் குடுத்தாவல்லா என்று அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் என்னிடம்தானே முதலில் கேட்டாள். அந்த மூலைக் கட்டிலில் தாசில்தார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வானவர் படுத்திருக்கிறார், அவரிடம் கேட்டாளா. போலீஸ்காரர் மனைவியிடம் கேட்டாளா. கேட்க மாட்டாள். கேட்கக்கூடிய ஆள் நான். உப்பளத்துக்காரி உப்பளத்துக்காரிக்குக் கொடுக்கட்டும். நான் ஏன் கொடுக்க வேண்டும்? அடுத்த அறையைப் பார்க்கச் சொல்லு. நான் படுத்திருக்கிற இடத்திலிருந்து கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறது, மூன்று புது மெஷின், மேலே சுற்றின பாலிதீனைப் பிரிக்காமல் வரிசையாக நிற்கிறது. தை மாதமே வந்துவிட்டது. தண்ணீர் இணைப்புக் கொடுத்து, கரண்ட் கொடுத்து, சுவரில் கல்வெட்டுப் பதித்து, வாசலில் ரிப்பன் கூடக் கட்டிவிட்டார்கள். திறந்து வைக்க அமைச்சருக்குத் தேதி கிடைக்கவில்லை. தேதி கிடைத்த வாரத்தில் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடியும் வரைக்கும் புதிதாக எதையும் திறக்கக்கூடாது என்பது விதி, அதுவும் நல்ல விதிதானாம், ஓட்டுக்காக நாடகம் ஆடக்கூடாது என்று போட்ட விதி. கல்வெட்டில் பெயர் தெரியக்கூடாது என்று பழைய செய்தித்தாளை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கேட்டார், திறப்பு விழா வேண்டாம், ஓட்ட மட்டும் அனுமதி கொடுங்கள் என்று. ஓட்டு எண்ணி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அது வைகாசிக்கு மேலே ஆகும். "ஸ்விட்ச்சப் போட்டா ஓடும்க்கா" என்று ஷகிலா ஒரு தடவை சொன்னாள், சொல்லிவிட்டு அந்தக் கதவுத் திரையை இழுத்துவிட்டாள். திரை சரியாக மூடாது. மூன்று பேர் நிற்கிறது மாதிரி நிற்கிறது, முகத்தில் துணி போட்டு. ஒரு மெஷினில் நாளைக்கு மூன்று பேர் படுக்கலாம். வடிவு படுக்கலாம், வடிவு மாதிரி இன்னும் எத்தனையோ பேர் படுக்கலாம், நான் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை, நல்லவளாகவே இருந்துவிட்டுப் போகலாம். நல்லவளாக இருக்க எனக்கு ஒரு ஸ்விட்ச் குறைகிறது.

மகள் கல்யாணத்தை நினைத்தேன். வைகாசியில் வைத்திருக்கிறது. பெயர் ஜெபமலர், செல்போன் கடையில் பில் போடுகிறாள். மாப்பிள்ளை வீட்டுக்கு எனக்குச் சர்க்கரை வியாதி என்றுதான் சொல்லியிருக்கிறது, கிட்னி என்றால் பரம்பரையில் இருக்குமோ என்று போய்விடுவார்கள். கல்யாணம் வரைக்கும் நான் இருக்க வேண்டும், மணவறைக்குப் பக்கத்தில் கை முழுக்க வளையல் போட்டு, ஊசி குத்த ஆபரேஷன் பண்ணிப் புடைத்துப்போன இந்த நரம்பை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அதனால் கொடுக்க முடியாது. சரியான காரணம். யாரிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் சொல்லிப் பார்க்கும்போது உள்ளே எதுவோ சிரிக்கிறது. கல்யாணம் முடிந்துவிட்டால் கொடுத்துவிடுவாயா? மாட்டேன். அதற்குப் பிறகு பேரப்பிள்ளை என்பேன். அதுவும் இல்லாவிட்டால், ஒரு காரணமும் இல்லாவிட்டால், மகளே இல்லாவிட்டால்? அப்போதும் மாட்டேன். எனக்கு இருக்க வேண்டும். அவ்வளவுதான். காலையில் எழுந்து காக்காய் கத்துகிறதைக் கேட்க வேண்டும், பல் தேய்க்கும்போது அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை யாருக்கும் தெரியாமல் விழுங்க வேண்டும். இதற்குப் போய்ப் பெரிய பெயர் என்ன வேண்டிக்கிடக்கிறது. வடிவுக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது, பால்வாடிக்குப் போகிறது, ஒருநாள் இங்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், அது என் கை நரம்பைத் தொட்டுப் பார்த்து, உள்ளே ஜிர்ரென்று ஓடுகிறதை உணர்ந்து, "ஆச்சி கைக்குள்ள பூச்சி இருக்கு" என்று சொன்னது. நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் பழகிவிடும். பழகிவிட்டால் இன்றைக்குப் போல ஒரு நாளில் கஷ்டம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கிறது.

கெண்டைக்காலில் முதலில் ஒரு சுண்டு. பிறகு முறுக்கிக்கொண்டு இழுத்தது, யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். தண்ணீரை வேகமாக உறிஞ்சினால் இப்படி இழுக்கும். காது அடைத்தது, மேலே டியூப் லைட் சுற்றி மஞ்சள் படர்ந்தது, மெஷின் கூவுகிற சத்தம் தூரத்தில் கப்பல் ஊதுகிற மாதிரி கேட்டது. "பிரஷர் எறங்குது, யக்கா, யக்கா, கண்ணத் தொறங்க, இங்கன பாருங்க" என்று ஷகிலா கன்னத்தில் தட்டினாள். என் காலை எடுத்துத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டு பாதத்தை மேலே தள்ளினாள். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு மகள் நினைவு வரவில்லை, சாமி நினைவு வரவில்லை. வெளியே பெஞ்சில் வடிவு இந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் தூக்கியிருப்பாள் என்பதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பாள். யார் கட்டில் என்று பார்க்க. வாய்க்குள்ளே வேண்டிக்கொண்டு நின்றிருப்பாள், எதை வேண்டுகிறாள் என்று அவளுக்கே தெரியாமல். விட மாட்டேன், ஒனக்கு விட மாட்டேன் என்று நான் பல்லைக் கடித்தேன், அந்த வெறியில்தான் கண் திறந்தது. கதவில் வட்டக் கண்ணாடி. அதில் நிஜமாகவே ஒரு முகம், ஊதின முகம், பிச்சிப்பூ. அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்காக அழுகிறாளா, தனக்காகவா. ஷகிலா அவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள், போ, போய் உட்காரு, ஒன்றுமில்லை என்று. முகம் மறைந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் உடம்பு லேசாகிக் கிடந்தது, பயம் போன பிறகு வருகிற லேசு. அந்த லேசில் நான் நல்லவளாகிவிட்டேன். கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. தண்ணீரை முழுசாக நிறுத்திவிடலாம், வெள்ளி, சனி, ஞாயிறு வெறும் இட்லி, பழம் கூடாது, குழம்பு கூடாது, தலையணையை உயர்த்தி உட்கார்ந்தே தூங்கிவிடலாம், எத்தனையோ பேர் தாங்குகிறார்கள். வடிவு பிழைத்துக்கொள்வாள், காலமெல்லாம் என்னைக் கும்பிடுவாள், அந்தப் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாம். அண்ணாச்சி மேலே இருந்து பார்த்துச் சிரிப்பார். அவர் சிரிப்பு என்று நினைத்ததும் அவர் கால் நினைவுக்கு வந்தது, கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கால், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். திங்கள் விடியவில்லை. அவர் மூச்சுக்குத் திணறி எழுந்து உட்கார்ந்திருப்பார், ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருப்பார், எல்லோருக்கும் அப்படித்தான், காற்று இல்லை, காற்று இல்லை என்று நல்ல காற்றுக்கு நடுவே உட்கார்ந்து சொல்வார்கள், தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீரில் முங்கிச் சாவார்கள். நல்லவர் அப்படித்தான் செத்தார். நாலு பேர் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டார்களே, அவர்களில் மூன்று பேர் இதோ இந்த அறையில் படுத்திருக்கிறார்கள், ஒருத்தர் பேப்பர் படிக்கிறார்.

மெஷின் ஊதியது, முடிந்துவிட்டது. ஷகிலா வந்து உப்புத் தண்ணீரைக் குழாயில் ஏற்றினாள், அது என் ரத்தத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது, சிவப்பு ரோஸாகி, ரோஸ் வெளுத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் எனக்குள் வந்துவிட்டது. ஒரு சொட்டு வீணாக விட மாட்டாள், கை சுத்தம். ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னால ஏலாது ஷகிலா" என்றேன். மகள் கல்யாணத்தைச் சொல்ல வாய் திறந்தேன், சொல்லவில்லை.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கும் ஒரு பதில் இருந்தது. "சரிக்கா. தப்பு இல்ல. நான் ஒங்க எடத்துல இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பஞ்சின் மேல் பிளாஸ்திரியை ஒட்டினாள், கொஞ்சம் இறுக்கமாக ஒட்டினாளோ என்னவோ. "மத்தவங்கட்டயும் கேட்டுப் பாக்கேன்" என்று சொல்லி, யாரிடமும் கேட்காமல், அழுக்குத் துணிக் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அவளிடம்கூட எனக்கு ஆத்திரமாக வந்தது. இவள் எதற்கு என்னை மன்னிக்கிறாள். நான் கேட்டேனா.

வெளியே வெயில் வராந்தா பாதி வரைக்கும் ஏறியிருந்தது. இரண்டு எட்டு வைத்ததும் கால் பின்னிக்கொண்டது, சுவரைப் பிடித்தேன். வடிவு ஓடிவந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். ஓடின ஓட்டத்தில் அவளுக்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது, நெஞ்சுக்குள்ளே களகளவென்று தண்ணீர் கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "பதறிப் போய்ட்டேங்க்கா. ஒங்களுக்கு என்னமோன்னு" என்றாள். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, என் செருப்பைத் தேடி எடுத்து வந்து காலுக்குப் பக்கத்தில் போட்டாள். நான் நாக்கால் உதட்டைத் தடவினேன். நாக்கு காய்ந்து தோல் மாதிரி கிடந்தது. அவள் தன் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தாள், சின்னது, பிள்ளைக்குப் பால் கொண்டுபோகிறது. மூடியைத் திறந்ததும் உள்ளே சில ஐஸ்கட்டி. "தண்ணியாக் குடிச்சா ஒரே மடக்குல போயிருதுல்லா. இதுன்னா ரொம்ப நேரம் இருக்கும். இன்னைக்கிக் குடிக்க வேண்டியதப் பூரா ஐஸா வச்சுக் கொண்டாந்துட்டேன்" என்று சொல்லி ஒரு கட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, "சிஸ்டர் ஒங்கட்ட எதும் கேட்டாவளாக்கா? வெள்ளிக்கிழமைக்கு?" என்றாள்.

"என்னட்ட ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

ஐஸ்கட்டியைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டுதான் சொன்னேன். சொல் தெளிவாக வந்தது. அவள் தலையை ஆட்டினாள், என்னை நம்பினாள். "அப்ப இனிமேத்தான் கேப்பாவளா இருக்கும். கேட்டா நீங்க குடுப்பியன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, பிளாஸ்க்கை மூடப் போனவள், என் வாயைப் பார்த்துவிட்டு, இன்னொரு கட்டியையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அது கையில் உருகத் தொடங்கியது. ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அடுத்த சொட்டு விழுவதற்குள் நான் அதையும் வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.